அவர் தைத்த முகம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில், பழவண்டிகளுக்கு நடுவே, டாக்டரம்மா ஒருநாள் ஓர் ஆளின் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தோளில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவன் திருதிருவென்று விழித்தான். அவர் அவனுடைய முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார்.

"என் மூக்கு எப்படிடா இருக்கு? மூச்சு சரியாப் போறதா?"

அப்போதுதான் அவனுக்கு ஆள் யாரென்று தெரிந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டான். "நல்லா இருக்குங்கம்மா. கல்யாணம்கூட ஆயிடுச்சுங்க."

"கல்யாணம் கிடக்கட்டும். வெயில்ல அலையாதேன்னு சொன்னேனே, கேட்டியா? பாரு, எப்படிக் கறுத்துப்போச்சு!"

லாரி மோதிச் சிதைந்த மூக்கை, நெற்றித் தோலை இறக்கி அவர்தான் செய்து வைத்திருந்தார். அது அவன் முகத்தில் இருந்தாலும், அவன் அதைக் கொண்டு சளி சிந்தினாலும், டாக்டரம்மாவைப் பொறுத்தவரை அது அவருடைய மூக்கு. ஊரெல்லாம் அவருக்கு மூக்குகளும் உதடுகளும் இமைகளும் நடமாடிக்கொண்டிருந்தன. எங்கே கண்டாலும் நிறுத்தி விசாரிப்பார். பேரைக் கேட்டால் தெரியாது. தையலைக் கேட்டால் தெரியும்.

நான் அவரிடம் ஆபரேஷன் தியேட்டர் நர்சாக இருந்தேன். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் தீப்புண் வார்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஸ்ரீரங்கத்துக்காரர். வேலை நேரத்தில் எல்லோரையும் போலத்தான் பேசுவார். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் ஆத்துப் பேச்சு வந்துவிடும். காபியை ஆறவைத்துத்தான் குடிப்பார், அதாவது மறந்துவிட்டுக் குடிப்பார். போட்ட தையலைப் பிரிக்க வேறு யாரையும் விடமாட்டார். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்கு எதிராக நடந்து அம்மா மண்டபத்துக்கு வந்து பஸ் பிடித்து, ஒரே ஒரு கட்டு மாற்றுவதற்காக வார்டுக்கு வந்தவர்.

"நாளைக்கு வந்திருக்கலாமே மேடம்?" என்றேன்.

"தைக்கறது ஒரு மணி நேர வேலை, சிஸ்டர். தைச்சதுக்குப் பதில் சொல்றதுதான் ஆயுசுக்கும்."

தேன்மொழி வந்தபோது அந்த வாக்கியத்துக்கு இவ்வளவு நீளம் உண்டு என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

மணப்பாறைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அடுப்பு வெடித்துவிட்டதென்று சொல்லி மாமியார் வீட்டார் கொண்டுவந்து போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. எங்கள் வார்டில் அடுப்புகள் எல்லாம் மருமகள்களைப் பார்த்துத்தான் வெடிக்கும். மூக்கிலிருந்து மார்பு வரை வெந்திருந்தது. கண்ணும் நெற்றியும் மட்டும் தப்பியிருந்தன. கைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அவளைப் பெற்றவள் மறுநாள் வந்தாள். அழவில்லை. டாக்டரம்மாவை வராந்தாவில் மறித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"விட்டுடுங்கம்மா. போயிடட்டும். பொழைச்சா இவள யாரும்மா பாப்பாங்க?"

"பெத்தது நீ. இப்ப இவ என் பேஷண்ட். போய் வெளியில உட்காரு."

பேச முடிந்த அன்று தேன்மொழியும் அதையேதான் கேட்டாள். மூச்சாகத்தான் வந்தது: "விட்டுடுங்க."

டாக்டரம்மா அவள் மேல் குனிந்திருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாயை அசைக்காதே. உதடு பிரிஞ்சிடும்."

அந்தப் பெண் பிழைக்கும் என்று வேறு எந்த டாக்டரும் நம்பவில்லை. சீழ், காய்ச்சல், மறுபடி சீழ். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கன்னத்தில் ஒட்டினார். முகவாய் மார்போடு இழுத்து ஒட்டிக்கொண்டபோது வெட்டி விடுவித்தார். மூக்குக்கு நுனி செய்தார். வாய் சுருங்கிப் போனதை அகலப்படுத்தினார். விரல்களைப் பிரித்தார். மற்றவர்கள் கோவிலுக்குப் போவதுபோல அவர் அவள் படுக்கைக்குப் போனார். ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்துவிட்டு ஓர் அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கோலம் போட்டவள் எழுந்து நின்று பார்ப்பாளே, அப்படி. அந்தப் பார்வையில் சந்தோஷம் இருக்கும். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். ஏனென்றால் படுக்கையில் இருந்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவர் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உயிர் தங்கிவிட்டது. முகம் ஒன்று வந்தது. அது முகம்தான், கண், மூக்கு, வாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் மெழுகு உருகி உறைந்ததுபோல் இருந்தது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும். தாய் வந்து அழைத்துப் போனாள். மழைக்காலம் முடிவதற்குள் தேன்மொழி ஒரு மஞ்சள் பையோடு தனியாகத் திரும்பி வந்து வார்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறாங்க சிஸ்டர். வர்றவங்க பயந்துடுவாங்கன்னு மாட்டுக் கொட்டாயில படுக்க வெச்சாங்க. மாடு ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் இருக்க முடியல."

அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் ஒரு ஓட்டலில் டாக்டர்கள் மாநாடு நடந்தது. டாக்டரம்மா தேன்மொழிக்குப் புதுச் சேலை வாங்கிக் கட்டவைத்துக் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். திரையில் பழைய படங்களை வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசியில் அவளை மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் நிறுத்தினார். ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. டாக்டரம்மாவின் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பிறகு சாப்பாடு. வட்ட வட்டமான மேசைகள். நாங்கள் போய் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். டாக்டரம்மா கைகுலுக்கல்களை முடித்துக்கொண்டு வருவதற்குள், எங்கள் மேசையில் ஏற்கனவே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டோடு எழுந்து போனார்கள். வேறு மேசைகளில் இடமில்லாமல் சிலர் சுவரோரம் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். எல்லோரும் தீப்புண் பார்க்கிற டாக்டர்கள். டாக்டரம்மா காலி நாற்காலிகளைப் பார்த்தார், சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

தேன்மொழி தயிர்சாதத்தைச் சின்னச் சின்னதாக வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள். "மேல நின்னப்ப கை தட்டுனாங்களேம்மா, அது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"இல்லம்மா. உங்களுக்கு."

டாக்டரம்மா அன்று சாப்பிடவில்லை. காரில் ஏறியதும் டிரைவரிடம், "மொதல்ல ஆத்துக்குப் போப்பா" என்றார். தேன்மொழியை வார்டில் இறக்கிவிடவே இல்லை.

அவர் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். ஒரு பாதியில் இவரும் கணவரும். மறு பாதியில் கணவருடைய தம்பி குடும்பம். குழந்தைகள் கிடையாது. கணவர் காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சாது. வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, "உள்ள வாம்மா. மின்விசிறி போட்டுக்கோ" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை, கடைசிவரை அவளை நேராகப் பார்க்கவும் இல்லை.

தெரு இவ்வளவு சுலபமாக இல்லை. யாரும் சத்தம் போடவில்லை. எல்லாம் தேனில் குழைத்த பேச்சு. எதிர்வீட்டு மாமி வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ டாக்டர். எங்காத்து மாட்டுப்பொண் மாசமா இருக்கா. காலம்பற வாசத் தெளிக்க வரச்சே இந்தப் பொண்ணைப் பார்த்துட்டா. அதான்..."

"மாசமா இருக்கறவ இவளைப் பார்த்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு வளர்ந்தாத்தான் ஆகும்."

டாக்டரம்மா வாதத்தில் ஜெயித்துவிடுவார். மறுநாள் முதல் அந்த வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கும். மறு பாதியில் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்தப் பெண்ணை மட்டும் நாலு நாளைக்கு எங்கேயாவது அனுப்பிவிடுங்கள் மன்னி என்று கேட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா இந்தப் பக்கம் தேன்மொழியோடு கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கணவர் மட்டும் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தார்.

ஒருமுறை அவளைப் பெரிய கோவிலுக்குக் கூட்டிப்போனார். சனிக்கிழமைக் கூட்டம். அவள் நடக்க நடக்கக் கூட்டம் தானாக விலகிற்று. வரிசையில் முன்னால் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். "பெருமாளை இவ்வளவு சீக்கிரமா யாரும் சேவிச்சிருக்க மாட்டாங்க சிஸ்டர்" என்று தேன்மொழி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கோவிலுக்குப் போகவில்லை.

டாக்டரம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "இன்னும் ஒரு ஆபரேஷன். உதட்டைக் கொஞ்சம் தூக்கிட்டா சரியாயிடும்." அது ஆனதும், "கழுத்துல இந்த ஒரு மடிப்பு." செய்வார், கட்டைப் பிரிப்பார், ஓர் அடி பின்னால் போவார். மயிரிழைதான் மாறியிருக்கும். கடைசியில் அவள்தான் நிறுத்தினாள்.

"போதும்மா. இனிமே எடுக்கத் தொடையில தோல் இல்ல."

அன்று சாயங்காலம் முற்றத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தேன்மொழி கோபமே இல்லாமல் கேட்டாள். "அப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா? நான் விட்டுடுங்கன்னுதானே சொன்னேன்?"

"சொன்னே. நான் கேட்டுக்கலை."

"இப்ப இருக்குறது எல்லாம் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா?"

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "விட்டிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"என்னால முடியும்னு தெரிஞ்சுதுடி. அதுதான். வேற ஒண்ணும் யோசிக்கலை." பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்கு அப்புறம் யோசிக்கறதைத்தான் இப்ப பண்ணிண்டிருக்கேன்."

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதுவே வேலையாயிற்று. தேன்மொழியைப் பெரிய கடைவீதியில் ஒரு துணிக்கடை கோடவுனில் சேர்த்துவிட்டார். கூட வேலை செய்த பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு இவளோடு உட்கார மறுத்ததால் நின்றுபோயிற்று. கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிக்கு நடந்தார். ஆசிரமம் ஒன்றுக்கு நடந்தார். போகிற இடத்தில் எல்லாம் நாற்காலி போட்டுக் காபி கொடுத்து, அவருடைய சேவையைப் பாராட்டி, இடமில்லை என்றார்கள். ஒருநாள் தெப்பக்குளம் பக்கம் என்னைப் பார்த்தபோது கேட்டார்: "நான் போயிட்டா இவளை யாரு சிஸ்டர் பாப்பா?" அதே கேள்வியைத்தான் அந்தத் தாய் வராந்தாவில் நின்று கேட்டாள். அவருக்கு அது நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

பிறகு கொரோனா வந்தது. உலகத்துக்கே கெட்ட காலம்; தேன்மொழிக்கு அதுதான் நல்ல காலம். எல்லோரும் முகமூடி போட்டார்கள். அவளும் போட்டாள். தப்பிய நெற்றியும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. நல்ல அழகான கண்கள் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. திருவானைக்காவலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. கழுத்தைச் சுற்றித் துப்பட்டா, கையில் உறை. யாரும் கேள்வி கேட்காத காலம். "கண்டக்டர் என்னை, உள்ள தள்ளி நில்லும்மான்னு திட்டினாரு சிஸ்டர்!" என்று போனில் சொன்னாள். எல்லோரையும் திட்டுவதுபோல அவளையும் திட்டியிருக்கிறார்.

அந்த அலையில் டாக்டரம்மாவின் கணவர் போய்விட்டார். கொள்ளிடக்கரைச் சுடுகாட்டுக்கு உடன் போகக்கூட ஆள் இல்லை. தேன்மொழிதான் வீட்டில் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நோய் அடங்கியது. ஒவ்வொரு முகமாகத் திறந்துகொண்டது. கடைசியில் அந்தக் கடையில் முகமூடி போட்டவள் அவள் ஒருத்திதான். முதலாளி நல்ல மனிதர்தான். "உடம்பு சரியில்லாத பொண்ணை ஏன் வெச்சிருக்கேன்னு கஸ்டமர் கேக்குறாங்கம்மா. இனிமே கழட்டிடேன்" என்றார். அவள் கழற்றினாள். அந்த வாரத்தோடு வேலை போயிற்று.

அதே வருஷம் டாக்டரம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் காபியை ஆறவைத்தது மட்டுமல்ல, குடித்ததும் மறந்தது. பிறகு கணவர் காலேஜிலிருந்து ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். வார்டுப் பேச்சு எல்லாம் உதிர்ந்து, சின்ன வயசு ஆத்துப் பேச்சு மட்டும் மிஞ்சியது. நான் ஒரு மத்தியானம் போயிருந்தபோது தேன்மொழி அவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். திடீரென்று டாக்டரம்மா திரும்பி அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரல்கள் மட்டும் பழைய விரல்கள். கன்னத்து ஓரத்தையும் உதட்டு மடிப்பையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"யாருடி இதைத் தைச்சது? இப்படியா பண்ணுவா? எங்கிட்ட வந்திருக்கப்படாதோ?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்: "தெரியலைங்கம்மா. யாரோ ஒரு டாக்டர். நல்லாத்தான் பண்ணாங்க."

"நன்னா இல்லை" என்றார் டாக்டரம்மா கண்டிப்பாக. "பொறுப்பில்லாதவ."

அந்த அளவோடாவது நின்றிருக்கலாம். சில மாதங்களில் அவர் அந்த முகத்தைக் கண்டு பயப்பட ஆரம்பித்தார். "யாரது? யாரது? அவளை வெளியில போகச் சொல்லுங்கோ!" என்று கட்டிலின் மூலைக்கு ஒதுங்கிக் கையால் கண்ணை மூடிக்கொள்வார். தேன்மொழி முகமூடி போட்டுப் பார்த்தாள். மறைத்திருந்தால் இன்னும் பயந்தார். அதனால் முதுகுப் பக்கம் நின்று ஊட்டப் பழகினாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று, கையை மட்டும் முன்னால் நீட்டுவாள். ரசஞ்சாதம் உள்ளே போகும். "நன்னாருக்கே. யாரு பண்ணினா?" என்று டாக்டரம்மா சுவரைப் பார்த்துக் கேட்பார். "சமையக்காரிங்கம்மா" என்று பின்னாலிருந்து பதில் வரும். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அப்படித்தான். சில நாள் தவறிப்போய்த் திரும்பிவிடுவார். அப்போது எழும் அலறல் தெருக்கோடி வரை கேட்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

"நீ ஏன் இங்க கெடந்து சாகுற? எங்கயாவது போயேன்" என்று ஒருநாள் ஆற்றாமையில் சொல்லிவிட்டேன்.

"போலாம் சிஸ்டர். ஆனா வேற யாரு இவங்களைத் தூக்குவா?" என்றாள். சற்றுப் பொறுத்து, "நான் வேண்டாம்னு சொன்னப்பவும் என்னைத் தூக்கினாங்களே" என்றாள். அதை நன்றியாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று அவள் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.

முடிவு செய்தவன் கணவருடைய தம்பி மகன். சென்னையில் வேலை. கெட்டவன் இல்லை. "நீங்க பண்ணினது எங்க யாராலயும் முடியாது" என்று தேன்மொழியிடம் கைகூப்பித்தான் சொன்னான். "ஆனா பெரியம்மா உங்களைப் பார்த்துத்தான் அலறறா. டாக்டரும் அதைத்தான் சொல்றார். கோயம்புத்தூர்ல மறதிக்காரங்களுக்குன்னே நல்ல இல்லம் இருக்கு. அங்க கொண்டு போறேன்." அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அங்கே சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்க்க வரலாம். இவள் யார் என்று எழுத அவர்கள் படிவத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வீட்டைப் பூட்டப்போகிறார்கள். ஜீயபுரத்தில் வாழைநார் பிரிக்கும் கொட்டகையில், பின்பக்கமாக உட்கார்ந்து செய்வதானால் வேலை தருகிறோம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவள் அதற்குச் சரி என்றாள்.

கார் வந்த அன்று காலையிலேயே நான் அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். தேன்மொழி பின்னால் நின்றபடியே டாக்டரம்மாவுக்குக் குளிப்பாட்டி, புடவை கட்டி, கூந்தலை முடிந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டிருந்தாள். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புறப்படுகிற நேரத்தில் கண்ணில் பட்டால் கலவரமாகிவிடும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா, அந்தத் தம்பி மகனின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு சுறுசுறுப்பாக வந்தார். "நாழி ஆயிடுத்தே. கேஸை மேசையில படுக்க வெச்சுட்டாளா?" என்றார். ஆபரேஷனுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வீட்டைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே வந்து சமையலறைக் கதவருகே நின்றேன்.

"ஏறிட்டாங்களா சிஸ்டர்?"

"ஏறிட்டாங்க."

"பயப்படலையே?"

"இல்லம்மா. நல்லாத்தான் போனாங்க."

வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தெருமுனையில் ஹாரன் அடித்துத் திரும்பியதும் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"திரும்பி வர மாட்டாங்களே? எதையும் மறந்து வெச்சுட்டுப் போகலையே?"

"இல்லம்மா. போயிட்டாங்க."

அதற்கும் பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.